அடுப்படியில் மட்டுமா சிக்கனம்?

விலைவாசி ஏறும்போதெல்லாம் சிக்கனத்தைப் பற்றிய உபதேசமும் கூடவே ஏறுவது நம் நாட்டு வழக்கம். உபதேசம் செய்பவர் பெரும்பாலும் ஆண். அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியவள் பெரும்பாலும் வீட்டு ஸ்திரீ. பாலைக் குறை, எண்ணெயைக் குறை, காய்கறியில் ஒன்றை விட்டுவிடு என்று அவளுக்குச் சொல்லப்படுகிறது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், பெருங்களத்தூர் முதலிய தென் புறநகர்ப் பகுதிகளில் மாதச் சம்பளத்தை நம்பி வாழும் எத்தனையோ குடும்பங்களில் மாதக் கடைசி வாரத்தில் நடக்கும் விவாதம் இதுதான். இந்த வழக்கில் நாம் வீட்டு ஸ்திரீயின் கட்சியைச் சேர்ந்தவர்கள். அதற்குக் காரணத்தைக் கணக்காகவே எடுத்துரைக்கிறோம்.

தினம் அரை லிட்டர் பாலை நிறுத்தினால் மாதத்துக்குச் சுமார் 600 ரூபாய் மிஞ்சும். அந்த மிச்சத்துக்கு ஈடு கொடுப்பவர்கள் குழந்தைகளும், எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் தாயும். இனி வீட்டுக் கடனைப் பார்ப்போம். வருஷத்துக்கு நூற்றுக்கு 8½ வட்டியில், 20 வருஷத் தவணையில், 25 லட்ச ரூபாய் கடன் வாங்கியவர் மாதந்தோறும் ஏறக்குறைய 21,700 ரூபாய் கட்ட வேண்டும். 240 தவணைகள் முடியும்போது அவர் கட்டிய மொத்தத் தொகை 52 லட்சத்தைத் தாண்டிவிடும். வாங்கிய முதலைக் காட்டிலும் கொடுத்த வட்டி அதிகம். அதே மனிதர் ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் தள்ளியோ, ஓர் அறை குறைந்ததாகவோ வீடு பார்த்து, 3 லட்சம் குறைவாகக் கடன்பட்டிருந்தால் மாதம் 2,600 ரூபாய் மிஞ்சியிருக்கும். நிறுத்திய பாலின் விலையைப் போல் நான்கு மடங்குக்கு மேல் இது. அதுவும் ஒரு மாதமல்ல, இருபது வருஷம். சமையலறையில் ஆயிரம் தடவை மனத்தைக் கட்டுப்படுத்திச் சேர்ப்பதை, பத்திரத்தில் போடும் ஒரே கையெழுத்து தின்றுவிடுகிறது. அந்தக் கையெழுத்துக்கு முன்னால் வீட்டில் எத்தனை பேரிடம் யோசனை கேட்கப்பட்டது என்பதை வாசகர்கள் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளட்டும்.

இது நமது கற்பனையன்று. இந்திய சர்க்கார் 2023-24-ல் நடத்திய குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நகரவாசிகள் செலவிடும் 100 ரூபாயில் உணவுக்குப் போவது 40 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. அந்த நாற்பதிலும் அரிசி, கோதுமை முதலிய தானியங்களுக்குப் போவது 4 ரூபாய்கூட இல்லை. பானங்கள், சிற்றுண்டிகள், வெளியில் தயாரித்து விற்கும் பண்டங்கள் ஆகியவற்றுக்கு 11 ரூபாய்க்கு மேல் போகிறது. மீதி 60 ரூபாய் வாடகை, போக்குவரத்து, துணி, படிப்பு, வைத்தியம், வீட்டுச் சாமான் என்று சமையலறைக்கு வெளியே செலவாகிறது. அறுபதை விட்டுவிட்டு நாலைப் பிடித்து இறுக்குவது எந்த ஊர்க் கணக்கு?

அடுப்படிச் சிக்கனம் வீண் என்று நாம் சொல்லவில்லை. சொல்லித்தர வேண்டிய அவசியம் அங்கே இல்லை என்றே சொல்லுகிறோம். புதுப்புளி வரும் காலத்தில் வருஷத்துக்கான புளியை வாங்கிக் கொட்டை எடுத்து உப்பிட்டு வைப்பதும், வெயில் காலத்தில் மிளகாயை உலர்த்திப் பொடித்து வைப்பதும் அவளுக்குத் தெரியாததல்ல. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் எந்த நேரத்தில் கீரை விலை இறங்கும் என்பதையும், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் எந்தப் பழைய சாமானை நம்பி வாங்கலாம் என்பதையும் எந்தப் பொருளாதாரப் புத்தகமும் அவளைவிட நன்றாகச் சொல்லிவிடாது.

ஆனால் அவள் கைக்கு எட்டாமலும், ஆண்கள் கவனிக்காமலும் ஓடிக்கொண்டிருக்கும் செலவுகள் உண்டு. மின்சாரம் அவற்றில் ஒன்று. தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த விகிதத்தைக் கவனியுங்கள். முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். 500 யூனிட்டுக்குள் நிற்கும் குடும்பத்துக்கு அடுத்த 100 யூனிட் 2 ரூபாய் 35 காசு. அதற்கு மேல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. பிறகு 500 வரை 6 ரூபாய் 30 காசு. ஆக, 500 யூனிட்டுக்குக் கட்டணம் 1,805 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டாலோ அந்த 2 ரூபாய் 35 காசுச் சலுகை அடியோடு போய்விடுகிறது. 101-வது யூனிட்டிலிருந்தே 4 ரூபாய் 70 காசு விதிக்கப்படும். 501 யூனிட் ஓடினால் கட்டணம் 2,048 ரூபாய் 40 காசு. அதாவது அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்! இது தெரிந்த வீட்டில் கணக்கெடுக்கும் தேதிக்குப் பத்து நாள் முன்பே யாராவது மீட்டரைப் போய்ப் பார்த்து, குளிர்சாதனப் பெட்டி ஓடும் நேரத்தைக் குறைப்பார்கள். தெரியாத வீட்டில் குழந்தை படிக்கும் அறையின் விளக்கை அணைக்கச் சொல்லிச் சண்டை நடக்கும்.

போக்குவரத்து மற்றொன்று. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியது. மீட்டர் பாதை மறைந்து 2004 முதல் அகலப் பாதை மட்டும் ஆயிற்று. மற்றபடி இந்தப் புறநகரங்களை உண்டாக்கியதே அந்த ரயில்தான். இரு கோடிகளுக்கும் இடையே இரண்டாம் வகுப்புக் கட்டணம் நெடுநாளாக 10 ரூபாய் அளவிலேயே இருந்து வந்திருக்கிறது. மாதச் சீட்டு வாங்கினால் இன்னும் மலிவு. அதே தூரத்தை மோட்டார் சைக்கிளில் போய்வர 60 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்றும், பெட்ரோல் 100 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 130 ரூபாய்க்கு மேல். 25 நாள் வேலைக்கு 3,300 ரூபாய். ரயிலில் சில்லறைச் சீட்டு வாங்கிப் போனாலும் 500 ரூபாய்தான். பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த ரயிலால் பயனில்லை என்பது உண்மை. அவர்கள் மேடவாக்கம் வழியாக நெரிசலில் ஊர்ந்து போக வேண்டியவர்கள். அவர்களைக் குறை சொல்லோம். ஆனால் எழும்பூருக்கும் பூங்காவுக்கும் போகிறவர்கள் மானத்துக்காக வண்டி ஓட்டிவிட்டு வீட்டில் காபிப் பொடியைப் பற்றிப் பேசுவது நியாயமாகுமா?

இவை இரண்டையும்விடக் கொடியது கடன் அட்டை. மாதக் கடைசியில் பற்றாக்குறை விழுந்தால் முன்பெல்லாம் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குவார்கள். கேட்கிற கூச்சமே ஒரு காவலாக இருந்தது. அட்டைக்குக் கூச்சமில்லை. ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒன்றைக் கட்டினால் போதும் என்று அது தைரியம் சொல்லும். மீதிக்குப் பல பாங்குகள் விதிக்கும் வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு மூன்றரை ரூபாய் அளவில் நிற்கிறது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் மூன்றரை வட்டி. நூற்றுக்கு இரண்டு வட்டி வாங்கும் தெருக்கோடி லேவாதேவிக்காரரைக் கண்டால் முகம் சுளிக்கும் குடும்பஸ்தர், இந்த மூன்றரை வட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடமாடுகிறார். வருஷத்துக்கு நூற்றுக்கு 30-க்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வியாபாரம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்பளித்தது உண்டு. அந்தத் தீர்ப்பைச் சுப்ரீம் கோர்ட் 2024 டிசம்பர் 20-ந் தேதி ரத்து செய்துவிட்டது. சட்டம் அறிந்தவன் என்ற முறையில் தீர்ப்பின் நியாயத்தைப் பற்றி இங்கே வாதாட நாம் விரும்பவில்லை. கோர்ட்டின் பாதுகாப்பு இதில் கிடைக்காது என்பதைக் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே குறிப்பிடுகிறோம். அட்டைக் கடனை அடைக்க நகையை அடகு வைப்பதும், நகையை மீட்க முன்தேதியிட்ட செக் கொடுத்துக் கடன் வாங்குவதும், அந்தச் செக் திரும்பி 138-வது பிரிவின் கீழ் மாஜிஸ்டிரேட் முன்னால் நிற்பதும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். அந்தப் பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. சங்கிலியின் முதற் கண்ணி பெரும்பாலும் அரிசியோ பருப்போ அல்ல. பண்டிகைக்கு வாங்கிய பெரிய டெலிவிஷனாகவோ, கல்யாணத்துக்குக் கொடுத்த சீராகவோ இருக்கும். சவரன் விலை 2025 டிசம்பரில் லட்ச ரூபாயைத் தாண்டியபின் இந்தச் சீரின் பாரம் எவ்வளவு ஆயிற்று என்பதைப் பெண்ணைப் பெற்றவர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் கணக்கு எழுதப்பட வேண்டும்; அது இருவர் கண்ணெதிரிலும் இருக்க வேண்டும். நம் வியாபாரிகளிடம் சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று மூன்று சொற்கள் உண்டு. அன்றாடச் செலவைச் சிட்டையில் எழுதுவது, அதை இனம் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவது, வருஷ முடிவில் இருப்பும் கடனும் எவ்வளவென்று ஐந்தொகை கட்டுவது. புறநகர்க் குடும்பங்களில் சிட்டை எழுதுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அதை எழுதுவது பெரும்பாலும் பெண்கள். ஐந்தொகை கட்டுகிறவர்கள் மிக அருமை. எத்தனை லட்சம் கடன், எந்தக் கடனுக்கு என்ன வட்டி, ஆயுள் இன்ஷூரன்ஸ் எந்தத் தேதியில் முதிர்கிறது என்ற விவரங்கள் பல வீடுகளில் புருஷனின் மனத்திலும் கைப்பேசியிலும் மாத்திரம் இருக்கின்றன. அவர் திடீரென்று இறந்துபோன வீட்டின் விதவை, கட்டுக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு வக்கீல் வீட்டுக்கும் பாங்குக்கும் அலைவதை எம் தொழிலில் உள்ள யாவரும் கண்டிருப்பர்.

காந்தியடிகள் லண்டனில் மாணவராக இருந்தபோது ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார் என்பது பலர் அறிந்த செய்தி. அவர் எங்கே குறைத்தார் என்பதுதான் பலர் கவனியாதது. பிறர் குடும்பத்தோடு தங்குவதை விட்டுத் தனியே அறை எடுத்தார். பிறகு இரண்டு அறையை ஒன்றாக்கினார். நடந்து போகும் தூரத்தில் குடியிருந்து வண்டிச் சத்தத்தை மிச்சப்படுத்தினார். தம் உணவையும் எளிதாக்கிக்கொண்டார். ஆனால் அது அவர் தாமே சமைத்துத் தாமே உண்ட உணவு, பிறர் தட்டிலிருந்து எடுத்ததன்று.

இவ்வளவு செய்தபின்னும் குறைக்க முடியாத ஒரு செலவு தாம்பரத்துப் பேரேடுகளில் நிற்கும். அது தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் தினம் ஒரு கேன், கேன் 40 ரூபாய் என்று கொண்டால் மாதம் 1,200 ரூபாய். முன்பு சொன்ன பாலைப் போல் இரண்டு மடங்கு. கோடையில் கிணறு வற்றினால் லாரித் தண்ணீர் வேறு. 2015 டிசம்பர் 1-ந் தேதி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்து, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுச் சாமான்கள் வெள்ளத்தில் மிதந்தன. நான்கு வருஷங்கூட ஆகவில்லை. 2019 கோடையில் நகரத்தின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கி 2003-லேயே சட்டம் வந்தது. குழாயை இறக்கிக் குழியில் விட்டவர்கள் உண்டு. குழியைச் சுத்தம் செய்தவர்கள் குறைவு. அதில் குடும்பங்களுக்குப் பொறுப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சிட்லபாக்கம், செம்பாக்கம், சேலையூர் ஏரிகளில் கழிவுநீர் கலக்கவிட்டது எந்தக் குடும்பப் பெண்ணின் ஊதாரித்தனம்?

வீட்டு உபயோகத்துக்குத் தண்ணீர் வழங்குவது 1992-ல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளின் காரியங்களுள் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சுற்றியிருந்த பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டது. மறு வருஷமே தமிழ்நாடெங்கும் சொத்துவரி ஏறியது. சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு நூற்றுக்கு 25-ம், 1,200 வரை 50-ம் உயர்த்தப்பட்டன. வரியும் கட்டி, கேனும் வாங்கும் குடும்பம் ஒரே பொருளுக்கு இரண்டு தடவை விலை கொடுக்கிறது. வாடகைக்கு இருப்பவர் வரி கட்டவில்லை என்று எண்ண வேண்டாம்; வீட்டுக்காரர் அதை வாடகையிலே ஏற்றிவிடுவார்.

70 வார்டுகள் கொண்ட அந்த மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. அந்த வருஷமே நகரங்களிலும் பகுதி சபைகள் கூட்ட விதிகள் செய்யப்பட்டன. கிராம சபையைப் போல், குடிமக்கள் நேரில் எழுந்து கேட்பதற்கு ஏற்பட்ட இடம் அது. வீட்டுச் சிட்டையில் தண்ணீருக்கென்று ஒரு பத்தி ஒதுக்கி, கேனுக்கும் லாரிக்கும் கொடுத்ததைத் தேதி போட்டு ஒரு வருஷம் எழுதி வையுங்கள். ஒரு தெருவில் இருபது வீட்டார் அப்படி எழுதி, கூட்டிப் பார்த்து, அந்தத் தொகையைப் பகுதி சபையில் கவுன்சிலர் முன்னிலையில் எழுந்து வாசிக்கட்டும். வாசிப்பவர்கள் அந்தக் கணக்கை எழுதிய பெண்களாகவே இருக்கட்டும்.