தூங்கி எழுந்தும் தீராத களைப்பு

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பக்கத்துப் பூத்தோட்டங்களில் மல்லிகை பறிப்பு விடியும் முன்பே தொடங்கிவிடும். மொட்டு விரிவதற்குள் கமிஷன் கடைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் விலை. பறித்துவிட்டு வீடு திரும்பும் பெண், ஸ்கூல் வேன் வருவதற்குள் சோறு வடித்து, டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளைக்குத் தலை சீவிவிட வேண்டும். கணவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துவிட்டால் வீட்டுப்பாடம், காய்ச்சல், குழுக் கடன் தவணை எல்லாம் அவள் ஒருத்தி தலையில். இப்படி உழைப்பவர் களைத்துப்போவதில் வியப்பில்லை. நன்றாகத் தூங்கினால் தீர்ந்துவிடும் களைப்பென்றால் கவலையும் இல்லை. தூங்கி எழுந்த பிறகும் ‘அம்மா’ என்று பிள்ளை கூப்பிடும் குரலே பாரமாக இருந்தால், அது வேறு விஷயம். அந்த நிலைக்கு வந்தவருக்குப் புத்திமதி உதவாது. சுமையைப் பங்குபோட ஆள் வேண்டும், சில நேரம் மருத்துவரும் வேண்டும்.

பெற்றோருக்கு வரும் இந்தப் பெருஞ்சோர்வைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருபவர்கள் பெல்ஜியத்து உளவியலாளர்கள் இசபெல் ரோஸ்காமும் மொய்ரா மிகோலாய்சாக்கும். அவர்கள் சொல்லும் அடையாளங்கள் நான்கு: பிள்ளை வளர்ப்பை நினைத்தாலே உடம்பும் மனசும் ஓய்ந்துபோவது, சோறு போட்டு, குளிப்பாட்டி, கடமையை மட்டும் செய்துவிட்டு மனத்தளவில் பிள்ளையிடமிருந்து விலகிவிடுவது, பிள்ளையோடு இருப்பதில் சந்தோஷமே இல்லாமல் போவது, ‘முன்னே நான் இப்படியா இருந்தேன்?’ என்று தன்னையே வெறுப்பது. மனச்சோர்வு நோயும் இப்படித்தானே என்று கேட்கலாம். இரண்டும் சேர்ந்தும் வரும் என்றாலும் ஒரு வேறுபாடு உண்டு. மனச்சோர்வில் வாழ்க்கை முழுவதுமே கசந்துபோகும். பெருஞ்சோர்வில் இருப்பவரோ பூ கட்டும் இடத்தில் கலகலவென்று பேசுவார்; வீட்டு வாசலை மிதித்ததும் சுருங்கிவிடுவார். அதனால்தான் அக்கம்பக்கத்தார் கண்ணுக்கு இது தெரிவதில்லை.

‘எங்க அப்பத்தா எட்டுப் பிள்ளை பெத்து வளர்த்தா, அவளுக்கு ஒண்ணும் வரலையே’ என்பார்கள். நியாயமான கேள்விதான், ஆய்வும் ஓரளவு அந்தப் பக்கமே சாய்கிறது. 42 நாடுகளில் 17,000-க்கும் மேற்பட்ட பெற்றோரிடம் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், தனித்தனியாக வாழும் போக்கு மிகுந்த மேலை நாடுகளில்தான் இது அதிகம் என்று தெரியவந்தது. ஆனால் அப்பத்தாவைக் காப்பாற்றியது என்ன? ஓரகத்தி, நாத்தனார், மாமியார், தெருக்கோடி வரை பிள்ளையைத் தூக்கிக்கொண்ட கைகள். அந்தக் கைகள் இன்று திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கின்றன. பெரியவர்கள் இருக்கும் வீட்டிலும் மாத்திரை எடுத்துக் கொடுத்து அவர்களைக் கவனிப்பதும் இதே தாயின் வேலையாகிவிட்டது. சுமை ஏறுவதால் மட்டுமல்ல, தாங்குகிற பலம் கரைவதாலும் பெருஞ்சோர்வு வருகிறது என்பதே அந்த ஆய்வாளர்களின் அடிப்படை விளக்கம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் தோப்பைப் பறிகொடுத்த குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை கூடவில்லை. தென்னை தந்த வருமானமும் அது தந்த நிம்மதியும்தான் ஒரே இரவில் போயின.

‘எல்லாவற்றையும் நோய் ஆக்காதீர்கள்’ என்பது இன்னொரு மறுப்பு. உண்மையில் உலக சுகாதார நிறுவனமே இதை நோய்ப் பட்டியலில் வைக்கவில்லை. பட்டியலில் இல்லாதது ஆபத்தில்லாதது ஆகிவிடாது. இந்தச் சோர்வு முற்றும்போது வீட்டை விட்டு ஓடிப்போகும் எண்ணமும் தற்கொலை எண்ணமும் பிள்ளையைக் கவனிக்காமல் விடுவதும் அடிப்பதும் அதிகரிப்பதாக 2019-இல் வெளியான தொடர் ஆய்வு காட்டியது. பிடிக்காத வேலையை விட்டு விலகலாம், பெற்ற பிள்ளையை விட்டு எங்கே போவது? பாசம் குறைந்ததால் யாருக்கும் இது வருவதில்லை. எதிலும் குறை வைக்கக் கூடாது என்று தன்னையே விரட்டிக்கொள்ளும் பெற்றோருக்குத்தான் ஆபத்து கூடுதல். தந்தையரும் இதற்கு விலக்கல்ல.

சரி, எப்போது உதவி தேடுவது? முதலில் ரத்தப் பரிசோதனை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதே களைப்பைத் தரும். அவை இல்லை என்று தெரிந்தும், வீட்டில் வேலையைப் பகிர்ந்துகொண்டும் இரண்டு மூன்று வாரத்தில் மாற்றம் இல்லையா? பிள்ளை தூங்கியும் தனக்குத் தூக்கம் வரவில்லையா? கை ஓங்கிவிட்டுப் பிறகு அழுவது வழக்கமாகிவிட்டதா? இனியும் தள்ளிப்போடக் கூடாது. கைக்குழந்தையின் தாய் என்றால் பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாகவும் இருக்கலாம், இன்னும் சீக்கிரம் போக வேண்டும். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். பஸ் ஏறிப் போக முடியாதவர்கள் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். ‘செத்துப்போயிடலாம்’ என்றோ ‘பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ’ என்றோ எண்ணம் வந்தால் அன்றைக்கே பேச வேண்டும். அப்படிச் சொல்பவரைத் தனியே விடாமல், பிள்ளையை இன்னொருவர் வாங்கிக்கொண்டு, அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டியது வீட்டில் இருப்பவர்களின் பொறுப்பு.