கடைசிச் சொட்டு வரை

கலியாண வீட்டில் ஜாங்கிரி பிழிவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அடுத்த முகூர்த்தத்தில் நாதஸ்வரத்தை ஐந்து நிமிஷம் விட்டுவிட்டுச் சமையற்கட்டுப் பக்கம் போய் வாருங்கள். உளுந்து மாவை ஒரு கெட்டித் துணியில் வைத்து, நாலு முனையையும் சேர்த்து முறுக்கிப் பிடித்துக்கொண்டு, சமையற்காரர் நெய்ச் சட்டிக்கு மேலே கையைச் சுழற்றுவார். ஒரு வட்டம், அதன்மேல் குட்டிக் குட்டிச் சுழிகள். அவ்வளவுதான், ஜாங்கிரி மிதக்கும்!

அந்தத் துணியை வாங்கி விரித்துப் பாருங்கள். நடுவிலே ஒரு சின்ன ஓட்டை. அதைச் சுற்றிலும் சட்டைப் பொத்தானுக்குப் போடுவது போலக் காஜா எடுத்திருக்கும். சூட்சுமம் அந்தக் காஜாவில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் நூல் பிரிந்து ஓட்டை பெரிதாகும். ஜாங்கிரி போண்டா ஆகிவிடும். காசு செலவில்லாமல் பிதுக்கும் பை செய்ய வேண்டுமென்றால் முதலில் வாயைக் கவனிக்க வேண்டும் என்பதை நம் சமையற்காரர்கள் யாரிடமும் பாடம் கேட்காமலே கண்டுகொண்டார்கள்.

(பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து வீட்டில் ஜாங்கிரி பிழிகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: உறையை நன்றாகத் துடைத்து ஈரம் போன பிறகு மாவை நிரப்புங்கள், சட்டி விளிம்பில் பட்டுவிடாமல் கையைத் தூக்கிப் பிடியுங்கள். உருகின பிளாஸ்டிக்கை யாரும் பக்ஷணத்தில் கேட்கவில்லை.)

துணிப் பையில் மாவு நிற்கும். தண்ணீராக இருக்கிற வஸ்து நிற்குமா? நிற்காது. அங்கேதான் கடலூர் வருகிறது.

கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். பணக்காரர் வீட்டில் உபயோகிக்கிற சாமான் கூலிக்காரர் வீட்டுக்கும் எட்ட வேண்டும், அதற்குச் சின்னச் சின்னப் பொட்டலமாகப் போடுவதே வழி என்பது அவருடைய கட்சி. பேதி உப்பையும் முகப் பவுடரையும் அப்படித்தான் போட்டு விற்றார். குழம்பாகவும் திரவமாகவும் இருக்கிற சரக்கைப் பையில் அடைப்பதற்கும் பாடுபட்டார். அவர் பிள்ளைகள் காலத்தில் வெல்வெட் ஷாம்பு பாக்கெட்டில் வந்தது. பிள்ளைகளில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியே புறப்பட்டு, தகப்பனார் பெயரைச் சுருக்கிச் 'சிக்' ஷாம்பு போட்டார். கிராமம் கிராமமாகப் போய் ஒரு பையனை உட்காரவைத்துத் தலைக்குத் தேய்த்துக் காட்டி, "தொட்டுப் பாருங்கள்" என்று கூட்டத்தைக் கூப்பிட்டார்கள். ஐந்து காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒன்று இலவசம் என்றும் கொடுத்தார்கள். காலிப் பாக்கெட்டுக்கு மதிப்பு இருந்த காலம் அநேகமாக அது ஒன்றுதான்! அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தப் பாக்கெட்டைச் சாமானியமாக நினைக்காதீர்கள். மேலே அச்சடிக்க ஒரு தாள், நடுவில் காற்றும் ஈரமும் புகாமல் காக்க அலுமினியம், உள்ளே சூடு பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள மெல்லிய பிளாஸ்டிக். சுருளாக வருகிற தாள் இயந்திரத்தில் குழாய் மாதிரி மடிகிறது, ஓரம் ஒட்டுகிறது, கீழ்வாய் ஒட்டுகிறது, சரக்கு விழுகிறது, மேல்வாயும் ஒட்டி, வெட்டுப்பட்டு விழுகிறது. ஒட்டுகிற இடத்தில் ஒரு சொட்டுச் சரக்கு சிந்தியிருந்தால் போயிற்று, அந்தப் பை ஒழுகும். அப்புறம் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு. அது இல்லாத பாக்கெட்டோடு ஈரக் கையால் குளியலறையில் மல்லுக்கட்டி, கடைசியில் பல்லால் கடித்து, வாயெல்லாம் ஷாம்பு நுரை கண்டவர்களுக்கு அந்த வெட்டின் அருமை தெரியும்.

மூன்று தாளும் இப்படிப் பிரியாமல் ஒட்டிக் கிடப்பதுதான் தொல்லையும். பழைய பேப்பர்க்காரர் பால் உறையை எடுத்துக்கொள்வார், இதைத் தொடமாட்டார். பிரித்து உருக்க வழியில்லாததால் தெருச் சாக்கடையில்தான் போய்ச் சேருகிறது. தலைக்கு ஒரு தடவை குளிக்க இத்தனையா என்று எனக்குக் கோபம் வருவதுண்டு.

ஆனால் இதே பை வேறோர் இடத்தில் செய்கிற வேலையைக் கேட்டபோது கோபம் கொஞ்சம் தணிந்தது.

எச்.ஐ.வி. கிருமி உள்ள தாயிடமிருந்து அது குழந்தைக்கும் தொற்றலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால், கருவிலும் பிரசவத்திலும் தாய்ப்பாலிலுமாக நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றுகிறது. தாய்க்கும் சேய்க்கும் முறையாக மருந்து கொடுத்தால் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறக்கிவிடலாம். குழந்தைக்கு மருந்து ஆரம்பிப்பது எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆஸ்பத்திரியில் பிரசவமானால் சரி. ஆப்பிரிக்காவில் எத்தனையோ தாய்மார்கள் வைத்தியசாலைக்கு வெகு தூரத்தில், வீட்டிலேயே பிள்ளை பெறுகிறார்கள். மருந்தை முன்கூட்டியே கொடுத்தனுப்பலாம் என்றால், பிளாஸ்டிக் பீச்சுகுழலில் அடைத்த மருந்து அதிக நாள் தாங்குவதில்லை. மருந்திலுள்ள நீரும், அதைக் கெடாமல் காக்கும் சரக்கும் பிளாஸ்டிக்கோடு போய்விடும்.

அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையைச் சேர்ந்த ராபர்ட் மால்கின் என்ற பொறியியல் பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் இதற்கு ஒரு பை செய்தார்கள். 'பிராட் பை' என்று பெயர். ஓட்டலில் சமோசாவோடு தருவார்களே, தக்காளி சாஸ் பாக்கெட், பார்வைக்கு அதேதான்! அலுமினியம் சேர்ந்த தாள். ஒரு வேளை மருந்து. ஓரத்தைக் கிழித்துக் குழந்தையின் வாயில் பிதுக்கிவிட வேண்டியது. அதில் மருந்து ஒரு வருஷம் வரை கெடாமல் இருக்கும். ஆகவே கர்ப்பிணி பரிசோதனைக்கு வரும்போதே கையில் கொடுத்துவிடலாம். ஈக்குவடாரிலும் ஜாம்பியாவிலும் தாய்மார்களிடம் இந்தப் பைகளைக் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். நெவிரபின் என்ற மருந்து பிறந்த குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒன்றரை மில்லிதான். தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. கால் மில்லி பையின் மூலையில் ஒட்டிக்கொண்டால் ஆறில் ஒரு பங்கு போயிற்று. ஷாம்பு மிஞ்சினால் தண்ணீர் விட்டு அலசிக்கொள்கிறோம். இந்தப் பையை அலசிக் கொடுக்க முடியுமா? ஆகையால் உள்ளே எவ்வளவு ஊற்றினோம் என்பதைவிட, களைத்துக் கிடக்கிற ஒரு தாய் விரலால் வழித்து அழுத்தினால் எவ்வளவு வெளியே வரும் என்பதை அளந்து பார்த்துத்தான் பை தைக்க வேண்டும். பிழிகிற கை சமையற்காரரின் பழகின கை அல்ல. விளக்கும் சரியாக இல்லாத வீட்டில், பிரசவித்து ஒரு மணி நேரம் ஆன கை.

நாளுக்கு ஒரு வேளையாக ஆறு வாரம் கொடுப்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறைகளில் ஒன்று. அப்படியானால் ஒரு குழந்தைக்கு 42 பை. அதுவும் பிரித்து உருக்க முடியாத குப்பைதான். இந்த 42-ஐ நான் கணக்கில் சேர்ப்பதாக இல்லை.