அறுவடை பற்றிய ஆங்கிலச் சொற்கள்

ஒரு மொழியிலுள்ள சொல்லுக்கு நேரான சொல் மற்றொரு மொழியிலே தவறாது உண்டு என்று நம்புவோர் அகராதியை மாத்திரம் அறிந்தோராவர். வயலை அறிந்தோர் அவ்வாறு நம்பார். விளைந்து நிற்கும் நெற்பயிரை மட்டக்களப்பு உழவர் 'வேளாண்மை' என்பர். அதனை வெட்டுதல் 'அரிவு வெட்டு' எனப்படும். வெட்டிய கதிரை அடுக்கிய குவியல் 'சூடு'. மாடுகளை விட்டு மணி பிரித்த காலத்திலே அத்தொழில் 'சூடு மிதித்தல்' எனப்பட்டது. ஈற்றிலே களத்திற் கிடைக்கும் நெல்லே 'விளைச்சல்'. இவை அனைத்தையும் 'அறுவடை' என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடலாம். ஆயின் வயலில் நிற்பவனுக்கு அச்சொல் போதாது.

ஆங்கில உழவனும் இத்தகையவனே. ஹார்வெஸ்ற், றீப், குறொப், யீல்ட், கிளீன் என்னும் ஐந்து சொற்களும் அவன் வயலிலே வழங்கியவை. மொழிபெயர்க்கப் பயிலும் மாணவர் பலர் இவ்வைந்தையும் 'அறுவடை' என்றோ 'விளைச்சல்' என்றோ எழுதிவிடுகின்றனர். அதனால் நாம் இழப்பது யாது என்பதை நேயர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலாவது, ஹார்வெஸ்ற். இன்று இது கதிரறுத்துக் களஞ்சியஞ் சேர்க்கும் முழுத்தொழிலையும், அதன் பயனையும் குறிக்கும். பழைய ஆங்கிலத்திலோ இது ஒரு பருவத்தின் பெயர். கோடைக்கும் மாரிக்கும் இடைப்பட்ட இலையுதிர் காலத்தையே அது குறித்தது. அதன் உறவுச் சொல்லாகிய 'ஹேர்ப்ஸ்ற்' யேர்மன் மொழியிலே இன்றும் அப்பருவத்தையே உணர்த்துகின்றது. பிரெஞ்சு வழியாக வந்த 'ஓற்றம்' என்னும் சொல் ஆங்கிலத்தில் வேரூன்றியபின், பருவப் பெயர் அதனிடஞ் சென்றது. தொழிலின் பெயர் மாத்திரம் ஹார்வெஸ்றிடம் எஞ்சியது. இம்மாற்றம் நமக்குப் புதிதன்று. பெரும்போகம், சிறுபோகம் என்னுமிடத்துப் 'போகம்' என்பது பருவமுமாம், அப்பருவத்தின் விளைவுமாம். உழவனுக்குக் காலமும் கதிரும் வேறல்ல என்பதை இரு மொழிகளும் ஒப்புக்கொள்கின்றன.

இரண்டாவது, றீப். இது ஒரு செயலின் பெயர். கத்தி கொண்டு கதிரை அரிதல். குனிந்த முதுகும் வளைந்த கத்தியும் இச்சொல்லுள் அடங்கியுள்ளன. நெல்லையும் கோதுமையையும் றீப் செய்யலாம். கிழங்கையோ அப்பிளையோ றீப் செய்தல் இயலாது. அவற்றுக்கு ஹார்வெஸ்றே பொருந்தும். ஆகவே, நம் 'அறுவடை' என்னும் சொல்லின் முற்பாதியாகிய 'அறு' என்பதற்கு நெருங்கிய உறவினர் றீப் என்றே கொள்க.

மூன்றாவது, குறொப். பழைய ஆங்கிலத்திலே இது பயிரின் தலையாகிய கதிரையும், பறவையின் இரைப்பையையும் குறித்தது. இரைப்பை என்னும் பொருள் இன்றும் வழக்கிலுண்டு. பின்னர் நிலத்தில் நிற்கும் பயிருக்கும், அப்பயிர் தந்த விளைவுக்கும் அது பெயராயிற்று. குறொப் அழிந்தது என்றால் ஹார்வெஸ்ற் நடைபெறவேயில்லை என்பது பொருளாகலாம். வெள்ளத்தில் அழிந்த பயிரைப் பற்றிய செய்தியை 'அறுவடை அழிந்தது' என்று எழுதினால், வெட்டிச் சூடு வைத்தபின் அழிந்ததோ, நின்ற நிலையில் அழிந்ததோ என்னும் ஐயம் வாசகருக்கு எழும். நட்டஈடு கோரும் உழவனுக்கு இஃது அற்ப வேறுபாடன்று.

நான்காவது, யீல்ட். இவ்வளவு நிலத்திலே இவ்வளவு நெல் என்று கணக்கிடும் சொல் இது. இதன் பழம்பொருள் 'செலுத்துதல்' அல்லது 'கடன் இறுத்தல்' என்பதாம். பணத்தைக் குறிக்கும் 'கெல்ட்' என்னும் யேர்மன் சொல் இதற்கு உடன்பிறப்பு. விதைத்தவனுக்கு நிலம் பட்ட கடனைத் திருப்பிச் செலுத்துகின்றது என்பதே இச்சொல்லின் உட்கிடை. கடன்பத்திரத்தின் வருவாயை இன்றும் யீல்ட் எனவே நிதித்துறையினர் வழங்குவர். தமிழகத்தார் வழங்கும் 'மகசூல்' அரபு வழி வந்த சொல். அது இந்தி மொழியிலே வரியையுங் குறிக்கும். விளைச்சலை அளந்தவன் உழவன் மாத்திரமல்லன், அதிலே பங்கு கேட்டவனும் அளந்தான் என்பதை இத்தகைய சொற்கள் மறவாது வைத்திருக்கின்றன.

ஐந்தாவதாகிய கிளீன் என்பதே நெஞ்சைத் தொடுவது. தூய்மையைக் குறிக்கும் சொல்லன்று இது. ஒலிப்பிலே அதற்கு அயலானது. அறுவடை முடிந்த வயலிலே சிந்திக் கிடக்கும் கதிர்களைப் பொறுக்குதல் என்பது இதன் பொருள். வயலின் ஓரங்களை முற்ற அரியாது, சிந்தியதைப் பொறுக்காது, ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடுக என்பது விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலுள்ள விதி. மோவாப் நாட்டு விதவையாகிய ரூத்து, பெத்லகேமிலே போவாசின் வயலிற் பொறுக்கியதும் இவ்விதியின் நிழலிலேயாம்.

இங்கிலாந்தின் கிராமங்களிலும் ஏழைப் பெண்களும் சிறுவரும் நெடுங்காலம் இவ்வாறு பொறுக்கி, மாரிக்கு வேண்டிய மாவைத் தேடிக்கொண்டனர். ஆயின் 1788ஆம் ஆண்டிலே சபொக் மாவட்டத்துத் திம்வேர்த் என்னும் ஊரிலிருந்து ஒரு வழக்கு இலண்டன் நீதிமன்றத்துக்கு வந்தது. சிந்திய கதிரைப் பொறுக்குதல் ஏழைகளின் சட்ட உரிமையா, நிலக்காரரின் தயவா என்பதே வினா. நீதிபதிகள் நால்வருள் மூவர், அது உரிமையன்று எனத் தீர்த்தனர், ஒருவர் மாறுபட்டார். கதிர் அதே கதிர். பொறுக்கிய கையும் அதே கை. ஆயினும் அன்று முதல் சட்டத்தின் கண்ணில் அச்சொல்லின் நிறை குறைந்தது. வழக்கமோ உடனே மடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பல ஊர்களிலே ஆலயமணி ஒலித்தபின் பெண்கள் வயலுள் இறங்கினர். பிரெஞ்சு ஓவியர் மிலே 1857இல் தீட்டிய ஓவியத்திலே முன்னே மூன்று பெண்கள் குனிந்து பொறுக்குகின்றனர். தொலைவிலே நிலக்காரரின் போர்கள் மலைபோல் நிற்கின்றன. ஹார்வெஸ்றுக்கும் கிளீனுக்கும் இடைப்பட்ட தூரம் அவ்வளவு.

இன்று அரிவு வெட்டையும் மணி பிரித்தலையும் தூற்றலையும் ஒரே இயந்திரம் செய்துவிடுகின்றது. மூன்று தொழில்களை ஒன்றுசேர்ப்பதாலேயே ஆங்கிலத்தில் அதற்குக் 'கொம்பைன்' என்று பெயர். தொழில்கள் ஒன்றாகும்போது சொற்களும் ஒன்றாய்க் கரைகின்றன. கிளீன் என்பது இக்காலத்திலே செய்திகளைச் சிறிது சிறிதாகத் திரட்டுதலையே பெரிதுங் குறிக்கின்றது. ஹார்வெஸ்றோ வயலை விட்டு வெகுதூரம் போய்விட்டது. மக்களின் தகவல்களைக் கணினி வழியே திரட்டுவதற்கும், இறந்தோரின் உறுப்புகளை மாற்றுச் சிகிச்சைக்காக எடுப்பதற்கும் அச்சொல் பயன்படுகின்றது. பின்னதை மருத்துவர் பலர் இப்பொழுது தவிர்த்து, 'மீட்டெடுத்தல்' எனப் பொருள்படும் சொல்லையே விரும்புகின்றனர். தம் மகனின் இதயத்தைக் கொடுத்த பெற்றோரிடம் 'அறுத்தெடுத்தோம்' என்று பேசுதல் தகாது அன்றோ?

ஆகவே இச்சொற்களை மொழிபெயர்க்கப் புகும் இளைஞர் மூன்று வினாக்களைத் தம்மைத் தாமே கேட்பாராக. பயிர் நிற்கின்றதா, வெட்டப்படுகின்றதா, அளக்கப்படுகின்றதா? வெட்டுபவர் யார்? அது யாருக்குச் சேர்கின்றது? நிற்பதாயின் பயிர் என்க. வெட்டுவதாயின் அரிவு வெட்டு என்க. அளப்பதாயின் விளைச்சல் என்க. யாவரும் போனபின் ஒருத்தி தனியே குனிவாளாயின் கதிர் பொறுக்குதல் என்க. அவளையும் அறுவடை என்னுஞ் சொல்லுக்குள் அடக்கிவிட்டால், அவள் வயலில் இருந்தாள் என்பதே வாசகருக்குத் தெரியாது போய்விடும்.