குதுப்மினார் அருகே பொது கோல்ஃப் திடல்: வடிவமைப்பில் நிறைவு, வாசலில் கேள்வி

புது தில்லி: விடியற்காலைப் பனி விலகத் தொடங்கும் வேளையில், தெற்கு தில்லியின் லாடோ சராயில் உள்ள புல்வெளியில் நின்று மேற்கே பார்த்தால், செந்நிறக் கல்லால் ஆன குதுப்மினாரின் ஐந்து அடுக்குகளும் மரங்களுக்கு மேலே எழுந்து நிற்கின்றன. அந்தத் திசையை நோக்கிப் பந்தை அடிக்க வரும் ஆட்டக்காரருக்கு மினார் வெறும் காட்சியன்று. குறி பார்ப்பதற்கான அடையாளமும் அதுவே.

தில்லி வளர்ச்சி ஆணையம் 2000-ஆம் ஆண்டில் திறந்த குதுப் கோல்ஃப் திடல், நாட்டின் முதல் பொது கோல்ஃப் திடல் என்று அறியப்படுகிறது. அதுவரை இந்தியாவில் கோல்ஃப் என்றால் கிளப், ராணுவம் அல்லது தேயிலைத் தோட்டம் என்பதே பொருளாக இருந்தது. உறுப்பினர் சீட்டு இல்லாத ஒருவர் கட்டணம் செலுத்தி 18 குழிகளையும் ஆடலாம் என்ற நிலையை உருவாக்கியது இத்திடல்தான். பின்னர் வடக்கு தில்லியின் பல்ஸ்வாவிலும், அண்மைக் காலத்தில் துவாரகாவிலும் ஆணையம் திடல்களை அமைத்துள்ளது. இந்தத் திடல்களின் வடிவமைப்பைப் பற்றி ஆட்டக்காரர்கள் கூறும் நிறைகுறைகளைக் கூர்ந்து கேட்டால், தலைநகரில் 'பொது' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்ற கேள்வியும் அதனுள் அடங்கியிருப்பது புலப்படும்.

மினாரே திசைகாட்டி

குதுப் வளாகத்தை யுனெஸ்கோ 1993-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மினாரின் உயரம் சுமார் 73 மீட்டர். அதைச் சுற்றிலும் பழைய கோட்டை மதில்களும், கல்லறை மாடங்களும், கிணறுகளும் சிதறிக் கிடக்கின்றன. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் உண்டு. அடுக்குமாடிகள் எழ முடியாத இத்தகைய பகுதிகளில் பசுமைப் பரப்பே பொருத்தமானது.

திடலைப் பற்றி ஆட்டக்காரர்கள் முதலில் கூறுவது இந்தச் சூழலைத்தான். ஆரவல்லிப் பாறைத் தொடரின் விளிம்பில் இப்பகுதி அமைந்திருப்பதால், நிலம் இயல்பாகவே ஏறியும் இறங்கியும் செல்கிறது. செயற்கை மேடுகள் அதிகம் தேவைப்படாத திடல் இது என்பது அனுபவமிக்கவர்களின் கருத்து. ஒரு குழியில் மினார் நேர் எதிரே நிற்கும். அடுத்ததில் தோளுக்குப் பின்னே போய்விடும். எங்கு நின்றாலும் திசை தெரிகிறது என்பதைப் பலரும் பாராட்டுகின்றனர்.

கற்றுக்குட்டிக்கும் இடம்

பொதுத் திடலை வடிவமைப்பது, சாம்பியன் போட்டிகளுக்கான திடலை வடிவமைப்பதைப் போன்றதன்று. பந்தை முதலில் அடிக்கும் மேடை 'டீ'. அங்கிருந்து நீளும் புல்வழி 'ஃபேர்வே'. குழி அமைந்துள்ள, ஒட்ட வெட்டப்பட்ட புல்தரை 'கிரீன்'. இவற்றுக்கு இடையே மணற்பள்ளங்களையும் நீர்நிலைகளையும் எங்கே வைப்பது என்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை வெளிப்படும். நேற்று மட்டையைக் கையில் பிடித்தவரும் இருபது ஆண்டு ஆடியவரும் அடுத்தடுத்து வரும் இடத்தில், பள்ளங்கள் தேர்ந்தவரைச் சோதிக்க வேண்டும். புதியவரைச் சிறைப்படுத்தக் கூடாது. அதனால்தான் ஒரே குழிக்கு வெவ்வேறு தொலைவுகளில் பல டீக்கள் அமைக்கப்படுகின்றன.

இந்த அளவுகோலில் குதுப் திடல் தேறுகிறது என்றே புதிய ஆட்டக்காரர்கள் கருதுகின்றனர். நீளம் மிதமானது, பந்து வழி தவறினாலும் மீண்டும் ஆட்டத்துக்குள் வர வாய்ப்பு உண்டு என்பது அவர்களது மனநிறைவு. நீண்ட அடிக்குப் பழகியவர்களோ, மட்டைகளில் பெரியதை எடுக்கவே வேலையில்லை என்று குறைபட்டுக் கொள்கின்றனர். எனினும் மத்திய தில்லியில் உள்ள தில்லி கோல்ஃப் கிளப்பின் லோதி திடலில் ஆடியவர்கள் இந்தக் குறையைப் பெரிதுபடுத்துவதில்லை. லோதி காலக் கல்லறைகளுக்கும் அடர்ந்த புதர்களுக்கும் இடையே குறுகிச் செல்லும் அதன் ஃபேர்வேக்களில் வலிமையைவிடத் துல்லியமே கைகொடுக்கும்.

அனைவரும் ஒரே குரலில் கூறும் குறை ஒன்று உண்டு. அது நெரிசல். நால்வர் கொண்ட குழுக்கள் சுமார் பத்து நிமிட இடைவெளியில் அனுப்பப்படும் விளையாட்டு இது. 18 குழிகளை முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு குழு பந்தைத் தேடிப் புதருக்குள் நின்றால், பின்னால் வரும் குழுக்கள் அனைத்தும் காத்து நிற்க வேண்டும். குளிர்காலத்தில் மூடுபனி விலகும் வரை முதல் குழு புறப்பட முடியாது. கோடையில் அனல் காற்று வீசுமுன் ஆட்டத்தை முடித்தாக வேண்டும். ஆட வேண்டியவர்கள் எல்லோரும் ஒரு சில மணி நேரத்துக்குள் குவிவதை எந்த வடிவமைப்பாலும் முற்றிலும் தவிர்க்க இயலாது. பெருநகர் ஒன்றில் பொதுத் திடல்கள் விரல் விட்டு எண்ணும் அளவில் இருப்பதன் விளைவு இது.

வடக்கில் வேறொரு காட்சி

தெற்கில் ஆட்டக்காரரின் கண்ணில் மினார் படுகிறது என்றால், வடக்கில் படுவது குப்பை மலை. பல்ஸ்வா ஏரி, யமுனை தன் தடத்தை மாற்றிக்கொண்டபோது விட்டுச் சென்ற குதிரை லாட வடிவ நீர்நிலை. அதன் கரையில் 9 குழிகளைக் கொண்ட திடல் அமைந்துள்ளது. நீரும் மரங்களும் சூழ்ந்த அதன் அமைப்பு ஆட்டக்காரர்களுக்குப் பிடித்தமானதே. ஆனால் ஏரிக்கு மேற்கே 1994 முதல் தலைநகரின் குப்பை கொட்டப்பட்டு வரும் பல்ஸ்வா கிடங்கு எழுந்து நிற்கிறது. 2006-லேயே கொள்ளளவை எட்டிவிட்ட அந்தக் கிடங்கு, பின்னர் 60 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. 2022 ஏப்ரலில் அங்கு மூண்ட பெருந்தீயின் புகை சுற்றுவட்டாரக் குடியிருப்புகளைப் பல நாள்கள் சூழ்ந்தது.

ஒரே ஆணையம், ஒரே விளையாட்டு. ஆனால் நகரின் இரு முனைகளில் இரு வேறு பின்னணிகள். காற்று எத்திசையில் வீசுகிறது என்பதைத் தெற்கில் பந்தின் போக்கைக் கணிப்பதற்காகப் பார்க்கின்றனர். வடக்கில் அதைத் துர்நாற்றமே சொல்லிவிடுகிறது. திடலில் நான்கு மணி நேரம் கழிப்பவர் வீடு திரும்பிவிடலாம். கிடங்கின் அடிவாரத்தில் வாழும் மறுகுடியமர்வுக் காலனி மக்களுக்கு அந்த வசதி இல்லை.

நிலமும் நீரும்

18 குழித் திடல் ஒன்றுக்கு 100 முதல் 180 ஏக்கர் வரை நிலம் தேவை. வெயில் காலத்தில் நாளொன்றுக்குப் பல லட்சம் லிட்டர் நீரும் வேண்டும். 2024 ஜூனில் தலைநகரின் குடிநீர்ப் பற்றாக்குறை உச்ச நீதிமன்றம் வரை சென்றதும், குடியிருப்புகளில் லாரிகளின் பின்னே மக்கள் குடங்களுடன் ஓடியதும் மறக்கக்கூடியவை அல்ல. அத்தகைய நகரில் புல்லைப் பச்சையாக வைத்திருப்பதற்கு நியாயம் கூற வேண்டுமானால், இரு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். ஒன்று, நீர் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீராக இருக்க வேண்டும். மற்றொன்று, அந்தப் பசுமை மெய்யாகவே பொதுமக்களுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

முதலாவது, தொழில்நுட்பம் சார்ந்தது, முயன்றால் முடியும். இரண்டாவதுதான் கடினம்.

யாருக்குப் பொது?

மத்திய தில்லியின் விலைமதிப்பற்ற அரசு நிலத்தில் குத்தகைக்கு இயங்கும் தில்லி கோல்ஃப் கிளப்பில் உறுப்பினராகப் பல பத்தாண்டுகள் காத்திருந்தோர் உண்டு. 2017 ஜூனில், காசி இனத்தின் மரபுடையான ஜைன்செம் அணிந்து விருந்தினராக வந்த மேகாலயப் பெண் ஒருவர், பணிப்பெண் போலத் தோன்றுகிறார் என்று கூறி உணவகத்திலிருந்து வெளியேறச் சொல்லப்பட்டது நாடெங்கும் கண்டனத்துக்கு உள்ளானது. கிளப் பின்னர் வருத்தம் தெரிவித்தது.

ஆயினும் இதே திடலின் வரலாற்றில் வேறோர் பக்கமும் உண்டு. பிறர் மட்டைப் பையைச் சுமக்கும் 'கேடி'யாக இங்கு வாழ்வைத் தொடங்கிய அலி ஷேர், 1991-இல் இதே திடலில் இந்திய ஓபன் பட்டத்தை வென்றார். தொழில்முறை இந்திய ஆட்டக்காரர் ஒருவர் அப்பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை. கொல்கத்தாவில் திடல் பராமரிப்பாளரின் மகனாகப் பிறந்த எஸ்.எஸ்.பி. சௌராசியா, 2008-இல் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தை இங்கேயே கைப்பற்றினார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் கோல்ஃப் மீண்டும் இடம் பெற்றது. டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் நான்காம் இடம் பெற்றபோது, அதுவரை மட்டையைத் தொட்டறியாத வீடுகளிலும் தொலைக்காட்சி முன் மக்கள் அமர்ந்திருந்தனர்.

வேலியைத் தாண்டி உள்ளே வர நேர்ந்தவர்களால்தான் இந்த விளையாட்டு இந்தியாவில் வளம் பெற்றது என்பதை இவர்களது வெற்றி காட்டுகிறது. பொதுத் திடல் செய்ய வேண்டியது, தற்செயலாக நேர்ந்ததைக் கொள்கையாக்குவதே. கட்டணம் கிளப்பைவிடக் குறைவு என்பதோடு அதன் கடமை முடிந்துவிடாது. மட்டைகளின் விலை, பயிற்சியாளர் ஊதியம், வார நாளின் காலைப் பொழுது ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், பக்கத்துத் தெருவில் வாழும் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்த வாசல் இன்னமும் தொலைவில்தான் உள்ளது. நகரம் விரிந்தபோது தம் விளைநிலங்களை அரசிடம் இழந்த தில்லிக் கிராமங்களின் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர்.

பள்ளிப் பிள்ளைகளுக்கென வாரத்தில் சில மணி நேரம், கேடிகளின் பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி, வாடகைக்கு மட்டைகள் என்பன போன்றவற்றுக்குப் புதிய நிலமோ புதிய நீரோ தேவையில்லை. ஆணையம் மனம் வைத்தால் போதும்.

குதுப் திடலில் ஆடி முடித்து வெளியேறுவோர், மினார் எந்தக் குழியிலிருந்து அழகாகத் தெரிந்தது என்பதைப் பேசிக்கொண்டே செல்கின்றனர். அந்த மினார் வேலிக்கு வெளியே நிற்பவர்களுக்கும் தெரிகிறது. உள்ளே இருக்கும் புல்வெளிதான் அவர்கள் கண்ணுக்கு எட்டவில்லை.