வாழைப்பழத்தில் பீர்!
காலால் மிதித்துச் செய்கிறார்கள், உகாண்டா கிராமங்களில்

பீர் எதிலிருந்து செய்கிறார்கள்?

"பார்லியிலிருந்து" என்று பலரும் சொல்லிவிடுவார்கள். அது சரிதான். ஆனால், வாழைப்பழத்திலிருந்து பீர் செய்யும் ஜனங்களும் உலகத்தில் இருக்கிறார்கள்!

அதற்குத் தொழிற்சாலை இல்லை. இயந்திரம் இல்லை. கொல்லையில் ஒரு பள்ளம், ஒரு மரத்தொட்டி, ஒரு கட்டுப் புல், இரண்டு கால்கள். இவ்வளவுதான் முதலீடு.

இந்த அதிசயம் நடக்கும் இடம், கிழக்கு ஆப்பிரிக்கா. அங்கே உகாண்டா, ருவாண்டா, தான்சானியா ஆகிய நாடுகளில் வாழைப்பழ பீர் வீட்டுக்கு வீடு செய்யும் பானம். பாட்டன், முப்பாட்டன் காலத்திலிருந்து வருகிற வழக்கம்.

எப்படிச் செய்கிறார்கள்? அதனால் அவர்களுக்கு என்ன நன்மை, என்ன ஆபத்து? பார்ப்போம்.

வாழை நாடு

உகாண்டாவை "வாழை நாடு" என்றே சொல்லலாம். நமக்குச் சோறு எப்படியோ, அந்த நாட்டின் தென்பகுதி ஜனங்களுக்கு வாழைக்காய் அப்படி. காயைத் தோல் சீவி, வாழை இலையில் பொதிந்து, ஆவியில் வேகவைத்து, மசித்துச் சாப்பிடுகிறார்கள். அதற்கு "மட்டோக்கே" என்று பெயர். அது இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காதாம்!

அங்கே ஒவ்வொரு வாழைக்கும் ஒரு வேலை உண்டு. சமைப்பதற்கு ஒரு வகை. பழமாகத் தின்பதற்கு ஒரு வகை. பீர் செய்வதற்கென்றே ஒரு வகை!

பீருக்கான நாட்டு வாழைக்கு "ம்பிட்டே" என்று பெயர். அதன் காய் ஒரே துவர்ப்பு. வாயில் வைத்தால் நாக்கு இழுக்கும். ஆனால் அந்தத் துவர்ப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. சாதாரண வாழைப்பழத்தைப் பிசைந்தால் என்ன ஆகும்? களி மாதிரி ஆகிவிடும். சாறு வராது. துவர்ப்பு மிகுந்த பழத்தைப் பிசைந்தால், சக்கை தனியே, சாறு தனியே பிரிந்து வரும்!

பீருக்குப் பயன்படும் இன்னொரு வாழையின் பெயர் "கயிஞ்சா". இதைக் கேட்டால் நமக்கு ஆச்சரியமாக இருக்கும். நம் ஊர் கற்பூரவல்லி இருக்கிறதே, அதற்கும் கயிஞ்சாவுக்கும் சொந்தம்! இரண்டும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. அந்தக் கூட்டத்துக்கு விஞ்ஞானிகள் "பிசாங் அவாக்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இங்கே பூஜைத் தட்டில் இருக்கும் பழத்தின் உறவுக்காரன், அங்கே பீர்த் தொட்டியில் இருக்கிறான்!

மூட்டம் போடுகிறார்கள்

முதல் வேலை, காயைப் பழுக்க வைப்பது. முற்றிய தாரை வெட்டி எடுக்கிறார்கள். தரையில் பள்ளம் தோண்டுகிறார்கள். அதற்குள் சருகு போட்டுக் கொளுத்திச் சூடேற்றுகிறார்கள். பிறகு வாழை இலையைப் பரப்பி, சீப்புகளை அடுக்கி, மேலே இலை போட்டு, மண்ணால் மூடிவிடுகிறார்கள்.

இது நமக்குப் புதிதல்ல. நம் ஊரிலும் வாழைத்தாருக்கு மூட்டம் போடுவது உண்டு அல்லவா? அதே முறைதான். சருகுப் புகையில் எத்திலீன் என்ற வாயு இருக்கிறது. அந்த வாயுவும் சூடும் சேர்ந்து காயைப் பழுக்க வைக்கின்றன. காயில் இருந்த மாவு, சர்க்கரையாக மாறுகிறது. இந்தச் சர்க்கரைதான் பின்னால் மதுவாகப்போகிறது.

சில நாட்களில் பள்ளத்தைத் திறந்தால், எல்லாம் ஒரே சீராகப் பழுத்து மஞ்சளாக இருக்கும்.

காலால் மிதிக்கும் பீர்

இனிமேல்தான் வேடிக்கை!

பழத்தை உரித்துப் பெரிய மரத்தொட்டியில் போடுகிறார்கள். அடிமரத்தைக் குடைந்து செய்த நீளமான தொட்டி அது. பார்ப்பதற்குப் படகு மாதிரியே இருக்கும்.

பழத்தோடு ஒரு கட்டுப் புல்லையும் போடுகிறார்கள். நம் ஊரில் தர்ப்பை என்று சொல்கிறோமே, அந்த வகைப் புல். பிறகு காலைக் கழுவிக்கொண்டு, ஆண்கள் தொட்டிக்குள் இறங்கி மிதிக்கத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் இது ஆண்களின் வேலை.

புல் எதற்கு? வெறும் பழத்தை மிதித்தால் வழுக்கிக்கொண்டு போகும். புல் இருந்தால் பிடிப்பு ஏற்படும். பழத்தின் சதை புல்லில் சிக்கிக்கொள்ளும். சாறு மட்டும் கீழே இறங்கும். அதாவது, புல்தான் அவர்களுக்கு வடிகட்டி!

இந்தப் பானத்துக்கு உகாண்டாவில் "டோண்டோ" என்று ஒரு பெயர். "ம்வெங்கே பிகேரே" என்று இன்னொரு பெயரும் உண்டு. அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? "கால் மது"! காலால் மிதித்துச் செய்வதால் அந்தப் பெயர்.

புதிதாக எடுத்த சாறு தேன் மாதிரி இனிக்கும். அதில் போதை கிடையாது. குழந்தைகள் அதை ஆசையாகக் குடிப்பார்கள். பெரியவர்களுக்கு வேண்டிய பானம் தயாராக இன்னும் சில நாள் காத்திருக்க வேண்டும்.

சோளம் சேருகிறது

சாற்றில் தண்ணீர் கலக்கிறார்கள். சோளத்தை வறுத்து, அரைத்து, அந்த மாவையும் சேர்க்கிறார்கள். மக்காச்சோளம் அல்ல, நாம் சோளச்சோறு ஆக்குவோமே, அந்தச் சோளம். அது பானத்துக்கு நிறமும் மணமும் கொடுக்கிறது. தானியம் சேருவதால்தான் இதைப் பீர் என்கிறார்கள்.

தொட்டியை வாழை இலையால் மூடிவிட்டால் மனிதன் செய்யவேண்டிய வேலை முடிந்தது. மிச்சத்தைக் கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ஈஸ்ட் என்று பெயர். இட்லி மாவு இரவில் தானே பொங்குகிறதே, அது மாதிரி நுண்ணுயிர்களின் வேலைதான் இதுவும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று, மதுவாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. சாறு நுரைத்துப் பொங்குகிறது.

இரண்டு முதல் நான்கு நாட்களில் பீர் தயார். எவ்வளவு தண்ணீர் கலந்தார்களோ, அதற்கேற்பப் போதை கூடும், குறையும். கடையில் விற்கும் பீரைவிடக் கடுமையாக இருப்பதும் உண்டு.

வைத்திருக்க முடியாது!

இந்தப் பீருக்கு ஒரு குறை இருக்கிறது. வைத்திருக்க முடியாது. தயாராகி ஓரிரு நாள் போனால் புளித்துவிடும். அப்புறம் அது பீர் அல்ல, காடி!

ஆனால் அந்தக் குறையே ஒரு நன்மையாகவும் இருந்திருக்கிறது. ஒரு தொட்டிப் பீரை ஒரு வீட்டாரே குடித்துத் தீர்க்க முடியுமா? முடியாது. ஆகவே, பீர் செய்தால் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டே தீரவேண்டும். இன்று இவர் வீட்டில். அடுத்த வாரம் அவர் வீட்டில். கலியாணம், கருமாதி, பஞ்சாயத்து எல்லாவற்றுக்கும் இது வேண்டும்.

உகாண்டாவில் பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் வரிசையோடு வருவார்கள். அந்த வரிசையில் சுரைக்குடுக்கை நிறைய வாழைப்பழ பீரும் இருக்கும்.

ருவாண்டாவில் இதன் பெயர் "உர்வாக்வா". ஒரே குடுக்கையில் நாணல் குழாயை விட்டு, பலர் உறிஞ்சிக் குடிப்பார்கள். முதல் வாய் யாருக்கு? வீட்டுக்காரருக்குத்தான்! விருந்தாளிக்கு முன்னால் அவர் குடித்துக் காட்ட வேண்டும். "இதில் விஷம் இல்லை, பயப்படாமல் குடியுங்கள்" என்று அதற்கு அர்த்தம்.

கேழ்வரகும் வாழையும்

தான்சானியாவில் கிளிமாஞ்சாரோ மலை இருக்கிறது. ஆப்பிரிக்காவிலேயே உயரமான மலை. அதன் அடிவாரச் சரிவுகளில் சாகா என்ற இனத்தார் வாழ்கிறார்கள். அவர்கள் செய்யும் வாழை பீருக்கு "ம்பெகே" என்று பெயர்.

இவர்கள் காலால் மிதிப்பதில்லை. பழத்தை உரித்து, தண்ணீரில் மணிக்கணக்காக வேகவைக்கிறார்கள். அது சிவந்து குழைந்ததும் ஆறவைத்து, சுமார் ஒரு வாரம் புளிக்க விட்டு, வடிகட்டுகிறார்கள்.

இன்னொரு பக்கம் கேழ்வரகு தயாராகிறது. ஆமாம், நம் கேழ்வரகேதான்! அதை முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் கூழ் காய்ச்சுகிறார்கள். கூழையும் பழச்சாற்றையும் கலந்து வைத்தால் மறுநாள் ம்பெகே தயார். கசப்புக்காக ஒரு மரத்தின் பட்டையையும் சேர்ப்பது உண்டு. இனிப்பு, புளிப்பு, கசப்பு மூன்றும் அதில் இருக்கும். இங்கே பெரும்பாலும் பெண்கள்தான் இதைச் செய்து விற்கிறார்கள்.

எல்லை தாண்டினால் ஆபத்து

"பீர் இரண்டு நாளில் கெட்டுப்போகிறதே, கெடாமல் வைக்க வழி இல்லையா?" என்று சிலர் யோசித்தார்கள். அதைக் காய்ச்சி வடித்தார்கள். சாராயம் வந்தது. அது கெடாது. எடுத்துப்போவது சுலபம். காசும் அதிகம்.

உகாண்டாவில் அந்தச் சாராயத்துக்கு "வராகி" என்று பெயர். அதைக் கட்டுக்குள் கொண்டுவர 1965-ல் அந்த நாட்டு சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. ஆனாலும் கள்ளத்தனமாகக் காய்ச்சுவது நிற்கவில்லை.

பேராசைக்காரர்கள் சிலர் அதில் மெத்தனால் என்ற நஞ்சைக் கலந்தார்கள். மெத்தனால் கண்ணைக் குருடாக்கும். உயிரையும் குடிக்கும். 2010 ஏப்ரல் மாதம் உகாண்டாவின் கபாலே பகுதியில் அப்படிப்பட்ட சாராயத்தைக் குடித்துச் சுமார் 80 பேர் மாண்டார்கள்.

நமக்கும் இந்தத் துயரம் தெரியும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்குமேல் பலிவாங்கியதும் இதே மெத்தனால்தான்.

ஆகவே, இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் கொல்லையில் பள்ளம் தோண்டவேண்டாம்! தமிழ்நாட்டில் அனுமதி இல்லாமல் மது தயாரிப்பது, 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

தோட்டத்துக்கு வந்த நோய்

சாராயத்தால் மனிதருக்கு ஆபத்து. வாழைக்கே ஓர் ஆபத்து 2001-ல் வந்தது.

பீர் வாழை, உகாண்டாக் குடியானவனுக்குச் சேமிப்புப் பெட்டி மாதிரி. கயிஞ்சாவை நட்டுவிட்டால் போதும். உரம் கேட்காது. அதிகக் கவனிப்பும் கேட்காது. பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டவேண்டுமா? இரண்டு தார் வெட்டு. பீர் செய்து விற்றுவிடு. ஆஸ்பத்திரிச் செலவா? இன்னும் இரண்டு தார். இப்படித்தான் பல குடும்பங்கள் காலம் தள்ளின.

2001-ல் முக்கோனோ என்ற மாவட்டத்தில் வாழைகள் திடீரென்று வாடத் தொடங்கின. இலை மஞ்சளாகித் தொங்கியது. பூ சுருங்கியது. காய் முற்றுமுன்னே பழுத்தது. பழத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே துருப்பிடித்த மாதிரி கறை! தண்டை வெட்டினால் மஞ்சளாகச் சீழ் வடிந்தது. அந்தப் பழம் தின்னவும் ஆகாது, பீருக்கும் ஆகாது.

அது பாக்டீரியாவால் வரும் வாடல் நோய். எத்தியோப்பியாவில் 1960-களிலேயே காணப்பட்ட நோய்தான். உகாண்டாவுக்கு வந்தபிறகு வேகமாகப் பரவி, அக்கம்பக்கத்து நாடுகளுக்கும் போயிற்று. சில இடங்களில் தோட்டம் முழுவதும் அழிந்தது. அதிகமாக அடிபட்டது எது? கயிஞ்சா! குடும்பத்தின் சேமிப்புப் பெட்டியே காலியாயிற்று.

இந்த நோய்க்கு மருந்து இல்லை.

காப்பாற்றியது கவைக்கோல்!

மருந்து இல்லை என்றதும் விஞ்ஞானிகள் வேறு கேள்வி கேட்டார்கள். "இந்த நோய் எப்படிப் பரவுகிறது?"

இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, பூச்சி. தாரின் நுனியில் தொங்கும் வாழைப்பூவுக்குத் தேனீயும் மற்றப் பூச்சிகளும் தேன் குடிக்க வருகின்றன. நோயுள்ள பூவிலிருந்து நல்ல பூவுக்கு நோயைக் கொண்டுபோகின்றன. கயிஞ்சாப் பூவைத் தேடிப் பூச்சிகள் அதிகமாக வரும்.

இன்னொன்று, கத்தி. நோயுள்ள மரத்தை வெட்டிய கத்தியாலேயே நல்ல மரத்தை வெட்டினால், நோய் கத்தியோடு போய்விடும். தோட்டத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று நினைத்து, பாவம், தாங்களே நோயைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள்!

இதற்குக் கண்டுபிடித்த வழி மிகவும் எளிது. கடைசிச் சீப்பு வந்தவுடன் பூவை ஒடித்துவிட வேண்டும். கத்தியால் வெட்டக்கூடாது. நுனியில் இரண்டாகப் பிரிந்த ஒரு கவைக்கோலை எடுத்து, பூக்காம்பை அதில் மாட்டி, ஒரு முறுக்கு முறுக்கினால் ஒடிந்து விழும். கோல் தாரில் பட்டு வெட்டுவதில்லை. ஆகவே நோயும் ஒட்டுவதில்லை. கத்தியை நெருப்பில் காட்டியோ, சலவைத் திராவகத்தில் முக்கியோதான் அடுத்த மரத்தைத் தொடவேண்டும். நோய் கண்ட மரத்தை உடனே அகற்றிவிட வேண்டும்.

இதைக் கேட்டு நடந்த தோட்டங்கள் பிழைத்தன. "ஒரு கோலால் என்ன ஆகிவிடும்?" என்று அலட்சியமாக இருந்தவர்களின் தோட்டம் மறுபடியும் வாடியது. ஒருவர் மட்டும் செய்தால் போதாது. பக்கத்துத் தோட்டக்காரரும் செய்யவேண்டும். பூச்சிக்கு வேலி தெரியுமா?

பீர் செய்தால் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடவேண்டும் என்பது அவர்களுடைய பழைய வழக்கம். பீர் வாழையைக் காப்பாற்றவும் பக்கத்து வீட்டார் வேண்டும் என்பது, இந்த நோய் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம்.

கவைக்கோலுக்கு விலை கிடையாது. வேலியில் ஒடித்துக்கொள்ளலாம். ஆனால் அதைக் கையில் எடுக்க மறந்தவன் இழந்தது, பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்தை!