பயிற்சியின் பலனைக் குறைக்குமா வைட்டமின் மாத்திரை?

கடும் பயிற்சியின்போது தசைகளில் ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் மூலக்கூறுகள் பெருகுகின்றன. களைத்துப் போகும்வரை ஓடவிட்ட எலிகளின் தசையிலும் கல்லீரலிலும் இவை இரண்டு மூன்று மடங்கு கூடியதை 1982இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் காட்டினார்கள். இவை செல்களைத் தாக்கக்கூடியவை. வைட்டமின் சியும் ஈயும் இவற்றை அடக்கக்கூடியவை. அப்படியானால் மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் தசை தேயாது, திறன் கூடும் என்று பலரும் கணக்குப் போட்டதில் வியப்பில்லை.

கணக்கு பிசகியது வேறோர் இடத்தில். இந்த மூலக்கூறுகள் கேடு மட்டும் செய்வதில்லை, தசைக்குச் சேதியும் சொல்கின்றன. அந்தச் சேதி கிடைத்தால்தான் பிஜிசி-1 ஆல்ஃபா என்ற புரதம் முடுக்கப்படும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பெருகும். உடலின் சொந்தத் தற்காப்பு நொதிகளும் வலுப்பெறும். மாத்திரை சேதியையே அமுக்கிவிடுகிறது.

2009இல் ஜெர்மனியில் இளைஞர்களுக்கு நான்கு வாரம் பயிற்சி கொடுத்து, ஒரு பாதியினருக்கு மட்டும் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 ஐயூ வைட்டமின் ஈயும் தரப்பட்டன. பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது மாத்திரை சாப்பிடாதவர்களுக்குத்தான்.

2014இல் நார்வேயில் 54 பேரிடம் 11 வாரம் நடந்த ஆய்வுதான் இதில் சுவையானது. மைட்டோகாண்ட்ரியாவைச் சேர்ந்த ஒரு புரதம் போலி மாத்திரை சாப்பிட்டவர்களிடம் கூடியது, வைட்டமின் சாப்பிட்டவர்களிடம் கூடவில்லை. ஆனால் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு இரு சாராருக்கும் ஒரே மாதிரி சுமார் 8 சதவீதம் உயர்ந்தது. ஆகவே மாத்திரை ஓட்டத்தைக் கெடுக்கும் என்று அடித்துச் சொல்வதற்கில்லை. கூட்டியதாகவும் தெரியவில்லை, காசு கொடுத்து வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

தசைவலிக்கும் பெரிய பலனில்லை. 2017இல் 50 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் அமைப்பு, வலி உணரத்தக்க அளவுக்குக் குறையவில்லை என்றது. மாத்திரையால் பலனில்லை என்பதற்குச் சளி விஷயத்தில் விதிவிலக்கு ஒன்று உண்டு: மாரத்தான் ஓட்டக்காரர்கள், கடுங்குளிரில் பயிற்சி பெற்ற படைவீரர்கள் போன்றோருக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பை வைட்டமின் சி ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது.

வைட்டமின் குறைபாடு உள்ளவர்களுக்கு மருத்துவர் தரும் மாத்திரை வேறு விஷயம். மற்றபடி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆண்களுக்குப் பரிந்துரைக்கும் வைட்டமின் சி நாளொன்றுக்கு 80 மில்லிகிராம். ஒரு கொய்யாப்பழமே அதைத் தந்துவிடும். ஆய்வுகளில் கொடுக்கப்பட்டது அதைப் போல 12 மடங்குக்கும் மேல்.