ஏழு தீவுகளும் மூன்று தேசாதிபதிகளும்

கிரேக்க தேசத்தின் மேற்குக் கரையோரமாக, வடக்குத் தெற்காகக் கிடக்கும் தீவுத்தொடர் ஒன்றுண்டு. அயோனியன் தீவுகள் என்பது அதன் பெயர். கோர்பு, பக்சோஸ், லெப்காடா, இதாக்கா, செபலோனியா, சக்கிந்தோஸ், கித்திரா என்னும் ஏழும் அவற்றுள் தலையாயவை. ஆதலின் 'ஏழு தீவுகள்' என்றே கிரேக்கர் இவற்றை வழங்குவர். ஹோமர் மகாகவி பாடிய ஒடிசியஸ் என்னும் வீரனின் தாயகம் இவற்றுள் ஒன்றான இதாக்காவேயாகும்.

கிழக்கே ஈஜியன் கடலிலுள்ள தீவுகள் பல வறண்டவை. இவையோ மழைவளம் பெற்று, ஒலிவ மரங்கள் செழிக்க விளங்குகின்றன. செபலோனியாவிலுள்ள ஏனோஸ் மலை 1,628 மீற்றர் உயரமுடையது. ஆயினும் பூமியதிர்ச்சி இத்தீவுகளின் தீராத துன்பம். 1953ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் செபலோனியா, சக்கிந்தோஸ், இதாக்கா ஆகிய மூன்றும் பெரும் அழிவுக்குள்ளாயின.

இத்தீவுகளின் சரித்திரம் இலங்கையரான நமக்குத் தனிச்சுவை தருவது. நெடுங்காலம் வெனிசியரின் கீழிருந்த இவை 1815இல் பிரித்தானியரின் பாதுகாப்பிற்குள் வந்தன. முதல் உயர் ஆணையாளராகச் சென்றவர் தோமஸ் மெயிற்லண்ட். 1805 முதல் 1811 வரை இலங்கையைத் தேசாதிபதியாக ஆண்டவர் இவரே. இவருக்கு முன் இங்கே தேசாதிபதியாக இருந்த பிரெடரிக் நோர்த், 1824இல் கோர்புவிலே அயோனியன் கல்விக்கழகத்தை நிறுவினார். கொழும்பு 'வார்ட் பிளேஸ்' வீதிக்குப் பெயர் தந்த ஹென்றி வார்ட் 1849 முதல் 1855 வரை அத்தீவுகளை ஆண்டபின்னரே இலங்கைக்கு வந்தார். 1849இல் செபலோனியாவில் எழுந்த கிளர்ச்சியை அவர் கடுமையாக அடக்கினார், பலர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் கல்வியை விட்டுச் சென்றார். மற்றவர் கசப்பை விட்டுச் சென்றார். ஈற்றில் 1864இல் தீவுகள் கிரேக்கத்துடன் இணைந்தன.

இன்று கிரேக்கத்திலுள்ள 13 பிராந்தியங்களுள் அயோனியன் தீவுகளும் ஒன்று. கோர்பு நகரம் அதன் தலைநகர். பிராந்தியத் தலைவரையும் சபையினரையும் மக்களே தெரிவு செய்கின்றனர். இதன்கீழ் கோர்பு, லெப்காடா, இதாக்கா, செபலோனியா, சக்கிந்தோஸ் என ஐந்து பிரிவுகள் உள. ஏழாவதான கித்திரா எங்கே என மாணவர் வினவலாம். அது வெகுதூரம் தெற்கே ஒதுங்கிக் கிடப்பதால், அத்தேன்ஸ் நகரை உள்ளடக்கிய அத்திக்கா பிராந்தியத்துடன் சேர்க்கப்பட்டுள்ளது. பழைய உறவு ஒருபுறமிருக்க, நிர்வாகம் வேறுவழியில் சென்றது.

2011இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம், செலவைக் குறைக்கக் கருதிச் சிறு சபைகளை ஒன்றாக்கியது. கோர்புத் தீவு முழுவதற்கும் ஒரே நகரசபை, செபலோனியாவுக்கும் அவ்வாறே. மலையும் வளைகுடாவும் ஊர்களைப் பிரிக்கும் தீவில் ஒரே சபை போதுமா? 2019இல் இரு தீவுகளிலும் மும்மூன்று சபைகள் அமைக்கப்பட்டன.

நிலத்தின் இயல்பை அறியாது வகுக்கும் எல்லை நிலைப்பதில்லை. பூகோளமும் ஆட்சியியலும் இணைத்துக் கற்கப்படவேண்டியவை என்பதை இவ்வேழு தீவுகளும் நமக்கு உணர்த்துகின்றன.